பூசணிக்காய்க்கு இடது பக்கம்

அன்று மில் வாசலில் இருந்தவர்கள்: முதலாளி சென்னகிருஷ்ணன். மேனேஜர் பாலகோபால். நைட் ஷிப்ட் மேஸ்திரி அங்கப்பன், அவர் மனைவி காளியாத்தாள். பொரி வாங்க வரிசையில் நின்ற பகல் ஷிப்ட் ஆட்கள். கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற ராத்திரி ஷிப்ட் ஆட்கள். ஒரு வெள்ளைப் பூசணிக்காய். அப்புறம் நான், திருமூர்த்தி.

பூசணிக்காயை விட்டுவிடக் கூடாது. ஆயுத பூஜையன்று அந்த வாசலில் துப்பாக்கியால் சுடப்பட வேண்டியது அது ஒன்றுதான். கடைசியில் கீறல் இல்லாமல் தப்பித்ததும் அது ஒன்றுதான். திருஷ்டி சுற்றிய காயைச் சமைக்கக் கூடாது என்பார்கள். அன்றைய கூச்சலில் யாரோ அதைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல காய், குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்டேஷனுக்கு என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டார்கள். முதலாளியின் ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தது நான் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் அமிர்தராஜ் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். மேலே சுவரில் சக்கரவர்த்தி படம், கீழே ஒரு பானையில் குடிதண்ணீர்.

"துடைச்சே. மேனேஜர்கிட்டக் குடுத்தே. வேற ஒண்ணும் இல்லையே?" என்றார். "முதலாளிக்குக் கை நடுங்கிப் போச்சு. அவரே அழுதுட்டுச் சொல்றார். நீ ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

நான் அப்போது சரி என்றிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் சொன்னது தப்பு. தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"அவருக்குக் கை நடுங்கலைங்க" என்றேன். "அந்தக் கை நான் செஞ்ச கட்டையப் புடிச்சுருந்துதுங்க. அதுல நடுங்கறதுக்கு எடமே இல்லைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் நான் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காகச் சொல்கிறேன்.

நீலகிரி பைக்காராவிலிருந்து கரண்ட் வந்த பிறகு எங்கள் பக்கத்து மில்களில் ராத்திரி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சோமனூர் ரோட்டில் இருக்கும் முதலாளியின் மில்லிலும் அப்படித்தான். அங்கே மரவேலைக் கொட்டகையில் எனக்கு வேலை. நூல் சுற்றும் பாபின்களில் உடைந்ததைச் சீவிச் சரிசெய்வது, பெட்டிகளுக்கு ஆணி அடிப்பது. ராத்திரி ஷிப்டில் போட்டார்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளும். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பகலில் தூக்கம் வராது, ராத்திரியில் கண் திறந்து நிற்காது. ஒருநாள் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டேன். அங்கப்பன் என்னை எழுப்பவில்லை. காலி பாபின்களைக் கயிற்றில் கோத்து மாலையாக என் கழுத்தில் போட்டார். அப்புறம் எழுப்பி, கையைப் பிடித்து, மெஷின்களுக்கு நடுவே ஒரு சுற்று கூட்டிப்போனார்.

"எல்லாரும் பாத்துக்குங்க. தூங்குமூஞ்சி மாப்பிள்ளைக்குக் கண்ணாலம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது வேடிக்கைதான். அங்கப்பன் கெட்டவர் இல்லை, ராத்திரியில் ஆட்களை விழித்திருக்க வைக்க ஏதாவது செய்தாக வேண்டும். அதற்கப்புறம் என் பெயர் தூங்குமூஞ்சி ஆயிற்று. டீக்கடையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சோமனூர்ச் சந்தையில் வெற்றிலை விற்கிறவள்கூட அப்படித்தான் கூப்பிடுவாள். தூங்குமூஞ்சி என்று ஒரு மரமும் இருக்கிறது. மெத்தென்று இருக்கும், நல்ல வேலைக்கு ஆகாது. நான் ஷிப்டை விட்டுவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் என்பதே வரவில்லை. படுத்தால் பாபின்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும். அதனால் அங்கப்பன்மேல் எனக்குக் கோபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூங்காத மனிதனுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் துப்பாக்கிக்குப் பிடி செய்யக் கற்றுக்கொண்டேன்.

வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவரின் துப்பாக்கிக் கட்டையில் விரிசல். அதைச் சரிசெய்து கொடுத்தேன். பிறகு அவருடைய கைத்துப்பாக்கிக்கு ஒரு பிடி. அதிலிருந்து லைசென்ஸ் வைத்திருக்கிற பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. விளக்கு அணைந்துபோனாலும் நாம் சாப்பிடுகிறோம். சோறு வாய்க்குத்தான் போகிறது, காதுக்குப் போவதில்லை. யாரும் வாயைக் குறிபார்த்துச் சாப்பிடுவதில்லை. துப்பாக்கியும் அப்படி இருக்க வேண்டும். குழலின் நுனியில் ஒரு சின்ன முள் இருக்கும், பின்னால் ஒரு பள்ளம். முள் பள்ளத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தால், முள் தானாக அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பலர் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்கிறார்கள். அது தப்பு. கை கடவுள் கொடுத்தது, அதை மாற்றக் கூடாது. கட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலாளியின் ரிவால்வர் யாரோ நீளமான விரல்கொண்ட சிப்பாய்க்காகச் சீமையில் செய்தது. முதலாளிக்குக் கை சின்னது, சதை அதிகம், இட்லி மாதிரி இருக்கும். அவர் நீட்டினால் குழல் தரையைப் பார்க்கும். அது அவர் வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மற்ற மில்களில் ஆயுத பூஜையன்று பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைப்பார்கள். எங்கள் மில்லில் கேட்டுக் கொக்கியில் தொங்கவிட்டு முதலாளி சுடுவார். ஆயுத பூஜைக்கு ஆயுதம் பேச வேண்டாமா என்பார். பேசியது, ஆனால் கேட்டபடி பேசியதில்லை. ஒரு வருஷம் கைநிறையத் தோட்டா தீர்ந்தது, காய் ஆடக்கூட இல்லை. போன வருஷம் கேட்டுத் தூணில் பட்டுக் காரை பெயர்ந்து அங்கப்பனின் காதோரம் கிழித்தது. ஆட்கள் பொரியை வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பை மறைத்தார்கள்.

பாலகோபாலை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, நீதான அந்தத் தூங்குமூஞ்சி? இந்த வருசம் காய் செதறோணும். அதுக்கு என்ன வேணுமோ செய்யி" என்றார்.

அவர் தோட்டத்தில் வேலை நடந்தது. ஒரு கம்பத்தில் மண்பானையைக் கவிழ்த்து வைத்தோம். கம்பத்துக்கு இடது பக்கத்தில், ஒரு ஆள் தள்ளி, கிணற்றின் கல்தூண். ஈட்டி மரம் எடுத்தேன். பிடி என்பது இரண்டு துண்டு, இரண்டு பக்கமும் வைத்து நடுவில் ஒரே திருகு. அவர் உள்ளங்கையில் விளக்குக் கரியைப் பூசிப் பிடிக்கச் சொல்வேன். கட்டையில் எங்கே கரி அதிகம் ஒட்டுகிறதோ அங்கே மேடு. அரத்தால் தேய்ப்பேன், கண்ணாடிச் சில்லால் வழிப்பேன், திரும்பப் பிடிக்கச் சொல்வேன்.

முதல் ஜோடியில் தப்பு செய்துவிட்டேன். உள்ளங்கையின் அடிப்பாகம் உட்காரும் இடத்தில், வலது துண்டில், கொஞ்சம் அதிகமாக இழைத்துவிட்டேன். அங்கே இழைத்தால் துப்பாக்கியின் பின்பக்கம் வலதுபுறம் கைக்குள் போகும், வாய் இடது பக்கம் திரும்பிக்கொள்ளும். முதலாளி கண்ணை மூடி நீட்டினார், திறந்தார், சிரித்தார்.

"ஏப்பா, நான் பானையப் பாத்து நீட்டுனா இது கெணத்துத் தூணைப் பாக்குது. எம் பொண்டாட்டியாட்டவே இருக்குது. நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யும்."

அங்கப்பனும் அங்கே இருந்தார். முதலாளி இருக்கும் இடத்தில் அவர் எப்போதும் இருப்பார். "தூங்கீட்டே இழைச்சிருப்பானுங்க" என்றார்.

நான் வேறு ஜோடி செய்தேன். வலது பக்கத்தில் மரத்தை இழைக்காமல் விட்டேன், பின்பக்கம் கீழே கொஞ்சம் கூட்டினேன், வாய் நிமிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது முள் பள்ளத்துக்கு நடுவில் நின்றது. "இனி முள்ளையே பாக்காதீங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். "அடிக்கறதை மட்டும் பாருங்க. கை தன்னால அங்க போகும். நம்பி அமுத்துங்க." பானைகள் வரிசையாக உடைந்தன. அந்தச் சந்தோஷத்தில் முதலாளி அங்கேயே குதித்தார். அவ்வளவு பெரிய உடம்பு குதித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"குறி என்ற கையிலயே இருந்துருக்குது பாரு அங்கப்பா! இத்தன வருசமாத் தெரியாமப் போச்சு."

"நான் அப்பவே சொன்னனுங்களே. உங்க கைக்கு என்னங்க கொறை? கட்டையில என்னங்க இருக்குது, வெறகுல பாதி."

எனக்கு ஒரு வேட்டி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். கட்டையில் என்ன இருக்கிறது என்பது கேட்கத் தகுந்த கேள்விதான். அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. செய்து காட்டினால்தான் தெரியும். அதனால் தப்பான ஜோடியை அடுப்பில் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மெழுகு தேய்த்து வைத்தேன். பார்வைக்கு இரண்டு ஜோடியும் ஒன்றுதான். செய்த எனக்கே தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பூஜைக்கு முந்தின நாள் எல்லா ஆயுதங்களையும் கழுவித் துடைத்து வைப்பது வழக்கம். ஸ்பானர், கத்தரி, மேனேஜரின் பேனா, எல்லாம். ரிவால்வர் என்னிடம் வந்தது. எண்ணெய் போட்டேன். திருகைக் கழற்றி ஜோடியை மாற்றினேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்த பிறகு பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. முதலாளி இந்த விஷயத்தில் மிகவும் கறார். ஒரு வருஷம் பூஜையில் வைத்த பேனாவை எடுத்து எழுதியதற்குப் பாலகோபாலை நாள் முழுக்கத் திட்டினார். ஆக, அவர் கை அந்தக் கட்டையை முதன்முதலில் பிடிப்பது வாசலில்தான். பாலகோபால் வேறு சந்தனத்தைக் குழைத்து முள்ளின்மேல் அப்பி, பள்ளத்தில் குங்குமமும் வைத்திருந்தார். அது நான் கேட்காமலே கிடைத்த உதவி.

அமிர்தராஜ் இங்கே குறுக்கிட்டார். "பிடிக்கும்போது வித்தியாசம் தெரிஞ்சிருக்காதா?"

"எண்ணெய், சந்தனம், கையில வேர்வை. ஊரே பாத்துட்டு நிக்குது. அவருக்குத் துப்பாக்கி கையில இருக்கறதே தெரிஞ்சுருக்காதுங்க" என்றேன். "அதுவுமில்லாம அவரு நம்புனாருங்க. நம்பறவங்க தடவிப் பாக்க மாட்டாங்க."

மற்றதை வாசலில் இருந்த எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மேளம் நின்றது. அங்கப்பன் பூசணிக்காயின்மேல் சூடம் ஏற்றி மூன்று தடவை சுற்றினார், கொக்கியில் மாட்டினார். வலது பக்கம் தூணும் பூஜை மேஜையும் இருப்பதால், காயை மாட்டினவர் இடது பக்கத்தில்தான் ஒதுங்க முடியும். வருஷாவருஷம் அவர் அங்கேதான் நிற்பார், ஒரு ஆள் தள்ளி. காய் உடைந்ததும் சில்லுகளை யார் காலும் படுவதற்கு முன் பொறுக்கி ரோட்டில் வீச வேண்டும். அது அவருடைய உரிமை. முதலாளி ஒரு தோட்டாவைப் போட்டார். முள்ளைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே கை தளராமல் நீட்டி, தயங்காமல் அமுத்தினார். அவ்வளவு அழகாக அவர் அதற்கு முன் சுட்டதில்லை.

அங்கப்பன் கையில் சூடத் தட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், விழவில்லை. தட்டைக்கூடக் கவனமாக வைத்தார். நெஞ்சில் குங்குமம் கொட்டிவிட்டது என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். காளியாத்தாள்தான் முதலில் ஓடினாள்.

அன்று ராத்திரி நான் படுத்ததும் தூங்கிப்போனேன். விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் எழுந்தேன். மனதில் உறுத்தல் இருந்தால் அப்படித் தூக்கம் வருமா? வராது. அதுவே ஒரு சாட்சி என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். "காயுதான் தப்பணும், ஆளு சாகணும்னு நினைச்சியா?" என்றார்.

"ஆளப் பத்தி நான் நெனைக்கவே இல்லைங்க. கட்டையில என்ன இருக்குதுன்னு கேட்டாங்க. காட்டுனேன். பாவம், முதலாளி கையக் குத்தஞ்சொல்லாதீங்க. அந்தப் பேரு அவரு கைக்குச் சேராதுங்க."

இதைச் சொன்னபோது மடியிலிருந்து சரியான ஜோடியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். மேஜைக் கண்ணாடியில் ஈட்டி மரத்தின் ரேகை தெரிந்தது.

"திருமூர்த்தி" என்றார். அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டு வெகு நாளாயிற்று. "காளியாத்தா ஒண்ணு சொல்லுது. போன வருஷம் காது கிழிஞ்சதால இந்த வருஷம் புருஷனை அங்க நிக்க விடலியாம். அவனும் காயை மாட்டிட்டு நேரா வேப்பமரத்தடிக்குப் போயிட்டானாம். அங்கிருந்து ஏன் திரும்பி வந்தான்?"

"நான் கூப்புட்டனுங்க."

"என்னன்னு?"

நான் சொன்னேன். அது ஒன்றும் பெரிதில்லை. காளியாத்தாள், "ஏனுங்க, அக்கட்டால வாங்க, போன வருசம் பட்டது போதாதுங்களா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். அவரும் போனார். இடது பக்கம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் வெறும் கேட்டுக் கம்பிகள். தோட்டா அதில் பட்டிருந்தால் டங்கென்று ஒரு சத்தம் வந்திருக்கும், எல்லோரும் சிரித்திருப்பார்கள், முதலாளிக்குக் கை சரியில்லை என்று பேச்சு முடிந்திருக்கும். அதனால் நான் கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

"ஏனுங்க மேஸ்திரி, பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னால போயிட்டீங்க? முதலாளி கை மேல நம்பிக்கை போயிருச்சுங்களா?"

ஆட்கள் சிரித்தார்கள். முதலாளியும் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் வாடிற்று. அங்கப்பன் அதைப் பார்த்துவிட்டார். காளியாத்தாளின் கையை உதறினார்.

"போடா தூங்குமூஞ்சி. பொரிய வாங்கீட்டு ஊட்டுக்குப் போ" என்றார். "என்ற முதலாளி குறி தப்புமா? வேணும்னா இன்னும் கிட்டத்துல நிக்கறேன், பாத்துக்க."

வந்து, பழைய இடத்திலேயே நின்றார். இன்னும் கிட்டே போகப் பார்த்தார். அவ்வளவு கிட்டே போனால் சரியாக இருக்காது. "அங்கயே நில்லுங்க, போதுமுங்க" என்று சொன்னதும் நான்தான்.

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சும்மா பேச்சுங்க" என்றேன். "வாசல்ல நின்னா ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுவாங்க. அதையெல்லாம் எழுத வேண்டாமுங்க. அவரா நடந்து வந்தாரு, அவரா நின்னாரு. நான் சொல்ல வந்தது கட்டையப் பத்தி மட்டுந்தானுங்க."

அதோடு ஒரு யோசனையும் சொன்னேன். முதலாளியைக் கூட்டிவரட்டும். ரிவால்வரையும் கொண்டுவரட்டும், தோட்டா வேண்டாம். இப்போது அதில் இருக்கிற ஜோடியோடு ஒரு தடவை, மேஜைமேல் இருக்கிற ஜோடியோடு ஒரு தடவை, கண்ணை மூடி நீட்டச் சொல்லட்டும். திருகைக் கழற்றி மாட்ட நான் கூட இருக்கிறேன். பார்த்தால் இன்ஸ்பெக்டருக்கே புரிந்துவிடும், அப்புறம் கைநடுக்கம் என்று யாரும் பேச மாட்டார்கள். முதலாளியும் வீட்டுக்குப் போகலாம். நானும் போகலாம்.

"இரு" என்றார். ஜோடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தார். ரிவால்வரை எடுத்துவரத்தான் போகிறார். முள் நன்றாகத் தெரிய வேண்டுமென்று நான் நாற்காலியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் நிலைப்படியைத் தாண்டியிருந்தார். கான்ஸ்டபிள் அவர் பின்னால் கதவைச் சாத்தி வெளியிலிருந்து பூட்டினார்.